நீதிமன்ற உத்தரவில் பாட்டிக்கு ஓர் இடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



மணமுறிவு என்றதும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் பிள்ளை என்று மூன்று பேரைத்தான் எல்லாரும் எண்ணிப் பார்க்கிறார்கள். நீதிமன்றப் பத்திரங்களிலும் அந்த மூன்று பெயர்கள்தாம் இருக்கும். ஆனால், அந்தப் பிள்ளையைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டியவர் யார்? பாலர் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் யார்? காய்ச்சல் வந்த இரவில் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தவர் யார்? பெரும்பாலான நம் வீடுகளில் இதற்குப் பதில் பாட்டி, ஆயா, அப்பாயி, அம்மாயி என்று ஏதோ ஒரு பெயரில்தான் வரும். பத்திரத்தில் மட்டும் அந்தப் பெயர் வராது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு கொட்டகை இல்லை, பாட்டி வீடு இருக்கிறது. இருவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்தில் பாட்டி வீடு இல்லாவிட்டால் குடித்தனமே நடக்காது. இப்படிப்பட்ட வீட்டில் பிரிவு வரும்போது, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் பாட்டியும் தாத்தாவும் எங்கே நிற்கிறார்கள் என்பதே இந்த உரையின் பொருள்.

முதலில் சட்டம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணமுறிவு 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின்கீழ் வருகிறது. வழக்கறிஞர்கள் 'அக்தா 164' என்று சொல்வது இதைத்தான். 1982 மார்ச் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் 88ஆம் பிரிவு பிள்ளையின் பராமரிப்பு உரிமையைப் பற்றியது. அந்த உரிமையை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொடுக்கலாம். இருவரிடமும் விடுவது உகந்ததல்ல என்று காட்டும் விதிவிலக்கான சூழல் இருந்தால் மட்டுமே வேறோர் உறவினரிடமோ, பிள்ளைகள் நலன் காக்கும் அமைப்பிடமோ, பொருத்தமான வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம். எது விதிவிலக்கான சூழல் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. அதை நீதிபதி எடைபோடுகிறார். பாட்டி நன்றாகச் சமைப்பார், பிள்ளையின் மீது உயிரையே வைத்திருக்கிறார் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவை விதிவிலக்கு ஆகா. பெற்றோர் இருவராலும் முடியாது என்ற நிலை வேண்டும். அந்தக் கதவு குறுகலானது என்பதைப் பாட்டிமார் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வழக்குக்காக நகையை அடகு வைத்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

அதே 88ஆம் பிரிவில் இன்னொரு விதி இருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்று நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். இந்த அளவில் நின்றுவிட்டுத்தான் பலர் 'ஏழு வயது வரை அம்மாவுக்குத்தான்' என்று காப்பிக் கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது தக்க காரணம் காட்டினால் மாறக்கூடிய அனுமானம். அதோடு, பிள்ளையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு மாற்றி அதன் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதல்ல என்பதையும் நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஒரே உட்பிரிவுக்குள் இரண்டும் இருக்கின்றன. வழக்குகள் சிக்கலாவது இங்கேதான்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கற்பனைதான், ஆனால் உங்கள் தாமானில் தேடினால் கிடைக்கும். அம்மாவுக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னியல் தொழிற்சாலை வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அப்பா லாரி ஓட்டுகிறார். மகள் இரண்டு வயதிலிருந்து சுங்கை பட்டாணியில் அப்பாயி வீட்டில் வளர்கிறாள். அம்மா ஓய்வு நாளில் பாலத்தைக் கடந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். மகளுக்கு ஐந்து வயதாகும்போது கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். வயதைப் பார்த்தால் அம்மா. மூன்று ஆண்டுகளாக வேரூன்றிய வீட்டைப் பார்த்தால் அப்பாயி வீடு, அதாவது சட்டத்தின் கண்ணில் அப்பா. அம்மாவின் வழக்கறிஞர் தாய்மையைப் பேசுவார். அப்பாவின் வழக்கறிஞர் பாலர் பள்ளியையும், பக்கத்து வீட்டுத் தோழிகளையும், அந்தப் பிள்ளை யார் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது என்பதையும் பேசுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த வழக்கில் அதிகம் அடிபடுபவர் அப்பாயி. அவர் வழக்கில் ஒரு தரப்பே அல்ல. மகனுக்காகச் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் மருமகளைப் பற்றி என்ன எழுதுவது என்று மகன் ஒன்று சொல்வார், மனசாட்சி ஒன்று சொல்லும். மூன்று ஆண்டு காலம் 'நீ வேலைக்குப் போம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னவர், இப்போது 'அவள் பிள்ளையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை' என்று எழுதித் தருவதா? எழுதித் தந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதிய பிறகு அந்த இரு பெண்களுக்கும் இடையே பேச்சு இல்லை. வழக்கு முடிந்தாலும் அந்தப் பத்திரம் கோப்பில் இருக்கும்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 89ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. பராமரிப்பு உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு நிபந்தனைகள் விதிக்க நீதிமன்றத்திற்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த நிபந்தனைகளில் ஒன்று, உரிமை பெற்றவர் அல்லாத வேறொருவரின் கவனிப்பில் பிள்ளை தற்காலிகமாக இருக்கலாம் என்பது. அந்த மகளின் கதையில் இதைப் பொருத்திப் பாருங்கள். உரிமை அம்மாவுக்கு. ஆனால், அம்மாவுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் பிள்ளை அப்பாயியின் கவனிப்பில் இருக்கும். இரு தரப்பும் இணங்கினால் இதை உடன்பாட்டு உத்தரவாகவே நீதிபதியிடம் கேட்டுப் பெறலாம். பாட்டியின் பெயர் பத்திரத்தில் ஏறுகிறது, அம்மாவின் உரிமை குறையவில்லை. பிள்ளையை விட்டுக்கொடுக்க அப்பாயிக்கும், பிரிந்த கணவனின் தாயை நம்ப அம்மாவுக்கும் மனம் வேண்டும். அந்த மனத்தை எந்த நீதிபதியும் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அதே 89ஆம் பிரிவில்தான் தாத்தா பாட்டிமாருக்கு மிக முக்கியமான வாசகமும் இருக்கிறது. பராமரிப்பு உரிமை கிடைக்காத பெற்றோருக்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால், சட்டம் அதோடு நிற்கவில்லை. உரிமை கிடைக்காத பெற்றோரின் குடும்பத்தினரும், இறந்துபோன பெற்றோரின் குடும்பத்தினரும் பிள்ளையைப் பார்க்கவும், பிள்ளை அவர்கள் வீட்டிற்குப் போய்வரவும் நீதிமன்றம் வகைசெய்யலாம் என்று அது சொல்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பதை நீதிமன்றம் நியாயமெனக் கருதும் அளவில் முடிவு செய்யும்.

இறந்துபோன பெற்றோரின் குடும்பம் என்ற சொற்களைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மகள் போய்விட்டாள். மருமகன் மறுமணம் செய்துகொண்டார். புது மனைவி வந்த வீட்டிற்குப் பழைய மாமனார் மாமியார் போனால் சங்கடம். முதலில் தீபாவளிக்கு மட்டும் பிள்ளையைக் காட்டுகிறார்கள், பிறகு அதுவும் இல்லை, பிறகு தொலைபேசி எண்ணும் மாறிவிடுகிறது. மகளின் சாயலைப் பேத்தியின் முகத்தில் பார்க்கக் காத்திருக்கும் அந்த இருவர், 'நமக்கு என்ன உரிமை இருக்கிறது' என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் சட்டத்தில் அந்தச் சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பேத்தியைத் தங்களிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பது வேறு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கக் கேட்பது வேறு. முதலாவதற்குக் கதவு குறுகல் என்று முன்பே சொல்லப்பட்டது. இரண்டாவதற்கு அத்தனை குறுகல் இல்லை. எந்த விண்ணப்பம், எப்படித் தாக்கல் செய்வது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உத்தரவு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

நம் இந்திய முஸ்லிம் நேயர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய வழக்கு ஷரியா நீதிமன்றத்திற்குப் போகிறது. கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில் சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை, அதாவது 'ஹடானா', முதலில் தாய்க்கு. தாய் அதற்குத் தகுதி இழந்தால் அடுத்து வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பா இல்லை. தாயின் தாய். அவருக்குப் பிறகுதான் அப்பா, அப்பாவுக்குப் பிறகு அப்பாவின் தாய். ஆண் பிள்ளைக்கு ஏழு வயது, பெண் பிள்ளைக்கு ஒன்பது வயது வரை அந்த உரிமை நீடிக்கும். விண்ணப்பித்தால் ஒன்பது, பதினொன்று என்று நீட்டவும் இடமுண்டு. ஒரு சட்டத்தில் அம்மாயிக்கு வரிசையில் இரண்டாம் இடம், இன்னொரு சட்டத்தில் வரிசையே கிடையாது. இரண்டும் ஒரே நாட்டில் நடப்பில் இருக்கின்றன.

உத்தரவு கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் தொடங்குகிறது என்று குடும்ப வழக்குகளில் பழகியவர்கள் சொல்வார்கள். பல உத்தரவுகளில் 'நியாயமான சந்திப்பு' என்று இரண்டு சொல்லில் விஷயம் முடிந்திருக்கும். பிரிந்த இருவரும் ஒருவரையொருவர் மதித்தால் அந்த இரண்டு சொல் போதும். மதிக்காவிட்டால், எது நியாயம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வழக்கு நடக்கும். நாள், நேரம், இடம், யார் அழைத்துப் போவது, யார் கொண்டுவந்து விடுவது என்று எழுதிவிட்டால் சண்டைக்கு இடம் குறையும். குறிப்பாக, 'அப்பாவோ அவருடைய தாயோ' வந்து அழைத்துப் போகலாம் என்ற ஒரு வரி. அந்த வரி இல்லாததால், லாரி ஓட்டப் போன மகனுக்குப் பதில் வந்து நிற்கும் பாட்டியிடம், 'உத்தரவில் உங்கள் பெயர் இல்லை' என்று கதவு சாத்தப்படுகிறது. சொல்பவர் சட்டப்படி சரி. அந்தப் பிள்ளை சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கைமாற்றும் இடமும் அப்படித்தான். வீட்டு வாசலில் வைத்துக்கொண்டால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். சிலர் காவல் நிலையத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்புத்தான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பாவைப் பார்ப்பது என்றாலே சீருடை அணிந்தவர்கள் நினைவுக்கு வருவது என்ன நியாயம்? அடிதடி, மிரட்டல் என்ற அச்சம் இல்லாத குடும்பங்களுக்குக் கோயில் வளாகம் இருக்கிறது, பேரங்காடி இருக்கிறது, பாட்டி வீடே இருக்கிறது. முன்னாள் மருமகளைப் பார்த்தால் 'சாப்பிட்டாயா' என்று கேட்கிற பாட்டியாக இருந்தால், அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

இனி, உத்தரவு எழுதும்போது யாரும் நினைத்துப் பார்க்காதவை. தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு நாளில் வரும். பள்ளி விடுமுறையைப் பாதி பாதியாகப் பிரித்துவிட்டுத் தீபாவளியை மறந்துவிட்டால், விடியற்காலை எண்ணெய்க் குளியல் யார் வீட்டில் என்று அக்டோபரில் வழக்கறிஞருக்குத் தொலைபேசி போகும். ஓர் ஆண்டு அங்கே, மறு ஆண்டு இங்கே என்று எழுதிக்கொள்ளலாம். தைப்பூசத்திற்குப் பிள்ளைக்கு முடியிறக்குவதாகப் பாட்டி வேண்டிக்கொண்டிருப்பார். 89ஆம் பிரிவின்படி உரிமை பெற்றவரே பிள்ளையின் வளர்ப்பு, கல்வி பற்றிய முடிவுகளை எடுப்பார். பிள்ளை எங்கே வசிப்பது, எப்படிப் படிப்பது, எந்தச் சமயத்தில் வளர்வது என்பவற்றில் நீதிமன்றம் நிபந்தனை போடலாம். பாட்டியின் வேண்டுதல் இதில் எங்கும் அடங்காது. வார இறுதியில் பார்க்க வந்த பிள்ளையை மொட்டையடித்துத் திருப்பி அனுப்பினால், அந்தத் தலைமுடி சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியாக வளரும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே.

தாத்தா இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவு சனிக்கிழமை பார்த்து வருவதில்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். பேரன் அம்மாவிடம் இருக்கிறான். இன்று சந்திப்பு நாள் இல்லை, உத்தரவில் இதற்கு வரியும் இல்லை. 'பள்ளிக்கூடம் இருக்கிறது, அனுப்ப முடியாது' என்று பதில் வந்தால் அதன்மீது யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது. பிரேதம் எடுக்கும் நேரம் வரை வாசலைப் பார்த்திருந்த வீட்டிற்கு அந்த வடு ஆறவே ஆறாது. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய் என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று ஒரே ஒரு வரியை வழக்கறிஞரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வரி எழுத எந்த வழக்கறிஞரும் தனிக் கட்டணம் கேட்கமாட்டார்.

கொரோனா காலம் இன்னொரு பாடம் சொன்னது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மாநில எல்லையைக் கடக்க முடியாத நிலையில், இரு மாநிலங்களில் வாழும் பெற்றோருக்கு இடையே வாராந்தரச் சந்திப்பு எப்படி நடக்கும்? கைத்தொலைபேசித் திரைதான் சந்திப்பு அறை ஆயிற்று. அப்போது பழகிய அந்தக் காணொளி அழைப்பை, எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு என்று உத்தரவிலேயே கேட்டுப் பெறலாம். வெளிமாநிலத்துப் பாட்டிமாருக்கு இது பெரிய உதவி.

உத்தரவை மீறினால் என்ன? காவல் நிலையத்தில் புகார் செய்து பதிவு வைத்துக்கொள்ளலாம். ஆனால், உத்தரவு நீதிமன்றத்தினுடையது. மீறியவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க விண்ணப்பிக்க வேண்டும். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தாயைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் போய் அன்பு காட்ட முடியாது என்பதையும் விண்ணப்பிப்பவர் யோசிக்க வேண்டும். நிலைமை மாறிவிட்டது என்றால் உத்தரவை மாற்றக் கேட்கவும் 96ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. வேலை இடம் மாறியது, பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டது போன்ற மாற்றங்களை எடுத்துக்காட்டி, அவை பெரிய மாற்றங்களே என்று நீதிபதியை ஏற்கச் செய்ய வேண்டும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தாலும் செலவுப் பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளையைக் கவனித்துக்கொள்பவரிடமே ஜீவனாம்சத்தைச் செலுத்தும்படி உத்தரவிட 93ஆம் பிரிவு இடமளிக்கிறது. முதியோர் உதவித் தொகையிலும் சொக்சோ பணத்திலும் பேரனுக்குப் பால்மாவு வாங்கிக்கொண்டிருக்கும் பாட்டிமார் இதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். முன்பு இந்தத் தொகை பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் நின்றுவிடும். 2018 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை மேற்கல்வியில் இருந்தால் அந்தப் படிப்பு முடியும் வரை கேட்கலாம்.

பிள்ளையின் விருப்பம் என்ன என்பதைக் கடைசியில் சொல்ல நேர்ந்துவிட்டது, சட்டத்தில் அது முன்னாலேயே இருக்கிறது. சொந்தக் கருத்தைச் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும். சில வழக்குகளில் நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதுண்டு. அதற்கு முந்திய வாரம் இரண்டு வீடுகளிலும் பொம்மையும் பனிக்கூழும் பெருகுவது பழைய கதை. 'அம்மாவுக்குப் பொறுப்புணர்ச்சி போதாது' என்று எட்டு வயதுப் பிள்ளை சொன்னால், அது யாருடைய தமிழ் என்று கண்டுபிடிக்க நீதிபதிக்கு அதிக நேரம் ஆகாது. சொல்லிக் கொடுத்த வீட்டிற்கே அது வினையாக முடியலாம். குழந்தை நலனில் பயிற்சியோ அனுபவமோ உள்ளவரின் ஆலோசனையை இயன்ற போதெல்லாம் கேட்க வேண்டும் என்று 100ஆம் பிரிவும் நீதிமன்றத்தைப் பணிக்கிறது. அப்படி ஒருவர் வீட்டிற்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை எங்கே படுக்கிறது, எங்கே படிக்கிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். சுவரில் அம்மாவின் படம் இருக்கிறதா, கிழித்து எறியப்பட்டிருக்கிறதா என்பதும் அவர் கண்ணில் படும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் அணுகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி கொடுப்பார்கள். போகும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுப் பத்திரம், ஏற்கெனவே உத்தரவு இருந்தால் முத்திரையிட்ட அதன் நகல், பள்ளிக் கட்டண ரசீது, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கிளினிக் அட்டையை அலட்சியமாக நினைக்காதீர்கள். எந்தத் தேதியில் யார் அழைத்து வந்தார் என்பதற்கு, பல பாட்டிமாரிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

வழக்கறிஞரும் குடும்பநல ஆலோசகரும் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். இனி அரங்கிலிருந்து கேள்விகள் வரட்டும். மூன்றாம் வரிசையில் கையை உயர்த்தியபடி இருக்கும் அம்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.